பேராயர் தாமஸ் கிரான்மருக்கு ஒரு திறந்த மடல்: ஆறு ராணிகளின் கோப்புகள் குறித்து

மாட்சிமை பொருந்திய கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர் அவர்களுக்கு,

தாங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் மாண்டு நாலரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டதால் நலம் விசாரிக்கும் சம்பிரதாயத்தை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரைப் பற்றித் தங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

மன்னரிடமே கேட்கலாமே என்பீர்கள். அவரைக் கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆண் வாரிசுக்காகக் கல்யாணம் மேல் கல்யாணம் செய்தவர், இரண்டு மனைவியரின் தலையை வாங்கியவர் என்று உலகம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தாயிற்று. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரின் முடிவையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்: விவாகரத்து, சிரச்சேதம், சாவு, விவாகரத்து, சிரச்சேதம், பிழைத்தாள். அதில் தங்கள் பெயர் கிடையாது. அதில் ஒரு சட்டப் பிழையும் இருக்கிறது, தங்களுக்குத் தெரியாததல்ல. ஹென்றி எவரையுமே விவாகரத்து செய்யவில்லை. அரகோன் கேத்தரின், ஆன் பொலின், கிளீவ்ஸ் ஆன் ஆகிய மூவரின் திருமணமும் ஆதியிலிருந்தே செல்லாது என்றுதான் தீர்ப்பானது. ஒரு பெண்ணை அரண்மனையை விட்டுத் துரத்த அரசனுக்கு யார் துணையும் தேவையில்லை. அவள் அங்கே ஒருநாளும் மனைவியாக இருந்ததில்லை என்று ஆக்குவதற்கு ஒரு பேராயர் வேண்டும். அந்தப் பேராயர் தாங்கள்.

உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், உண்டு. தாங்கள் 1549-இல் தொகுத்து வெளியிட்ட பொது ஜெபப் புத்தகத்தின் கல்யாண ஆராதனை, மிஷனரிமார் வழியாகத் தமிழுக்கு வந்து எங்கள் திருநெல்வேலிச் சீமையின் ஆலயங்களில் வேரூன்றிவிட்டது. வாழ்விலும் தாழ்விலும், நோயிலும் சுகத்திலும், சாவு பிரிக்கும்வரை என்று என் பாட்டி தாத்தாவும் அப்பா அம்மாவும் பீடத்துக்கு முன் நின்று கொடுத்த வாக்குக்கு மூலம் அதுதான். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லட்டும், இல்லையேல் பிறகு பேச வேண்டாம் என்று ஐயர் நிறுத்திக் கேட்கும் இடமும் அதிலிருந்து வந்ததே. பழைய லத்தீன் சடங்கில் இருந்ததைத்தானே எடுத்தேன் என்பீர்கள். சரி. ஆனால் திருமணத் தடைகளைத் தேவைக்கேற்பக் கண்டுபிடித்துக் கொடுப்பதிலேயே பதினைந்து ஆண்டுகளைக் கழித்த ஒருவர், அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்திருப்பாரா, மாட்டாரா என்று எனக்குத் தீராத ஆவல்.

தங்கள் கதை 1529 ஆகஸ்டில் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் கொள்ளைநோய். தாங்கள் மாணவர் இருவரோடு வால்தாமில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். மன்னரின் ஆட்களான கார்டினரும் ஃபாக்ஸும் அங்கே வந்து சேர்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் பேச்சு மன்னரின் ‘பெரிய விவகாரம்’ பக்கம், அதாவது முதல் மனைவி கேத்தரினோடான திருமணத்தைச் செல்லாததாக்கும் முயற்சியின் பக்கம் திரும்புகிறது. ரோமாபுரி நீதிமன்றத்தையே ஏன் நம்பியிருக்க வேண்டும், பல்கலைக்கழக இறையியலாளர்களின் கருத்தைத் திரட்டினால் போதாதா என்று தாங்கள் ஒரு யோசனை சொல்கிறீர்கள். அத்தனை நாள் பெயர் தெரியாத ஆசிரியராக இருந்தவருக்கு அந்த ஒரு யோசனை அரண்மனைக் கதவைத் திறந்துவிட்டது. ஆன் பொலினின் தந்தை வீட்டிலேயே தங்கி, கேத்தரினுக்கு எதிரான வாதங்களைத் தாங்கள் எழுதினீர்கள். பாரிஸ், பொலோனியா, பாதுவா என்று ஊர் ஊராகக் கருத்துகள் திரட்டப்பட்டன; பணமும் தாராளமாகப் புழங்கியது.

யாருக்கு எதிராக இத்தனை காகிதம்? ஸ்பெயினின் இசபெல்லாவுக்கும் பெர்டினாண்டுக்கும் பிறந்த மகள் கேத்தரின். 1501-இல் மூத்த இளவரசர் ஆர்தரை மணந்து ஐந்தே மாதத்தில் விதவையானவர். ஏழாண்டு காலம் இங்கிலாந்தில் கைச்செலவுக்கும் அல்லாடிக் காத்திருந்து, 1509 ஜூன் 11-இல் தம்பி ஹென்றியை மணந்தவர். 1513-இல் கணவர் பிரான்சில் போர் செய்யப் போனபோது நாட்டை ஆண்டவர் இவர்தான். அந்த நேரத்தில்தான் ஃபிளாடன் களத்தில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் வெட்டுண்டு விழுந்தார். ஜேம்ஸின் ரத்தம் தோய்ந்த மேலங்கியைக் கேத்தரின் பிரான்சுக்கு அனுப்பி வைத்தார். ஆறு முறையாவது கருவுற்றார். 1511 புத்தாண்டில் பிறந்த ஆண் குழந்தை 52 நாள் இருந்து போய்ச் சேர்ந்தது. தங்கியது மேரி மட்டும்.

சகோதரன் மனைவியை எடுப்பவன் சந்தானமற்றிருப்பான் என்று லேவியராகமம் சொல்கிறது என்று ஹென்றி பிடித்துக்கொண்டார். பிள்ளையின்றி இறந்த சகோதரனின் மனைவியைத் தம்பி மணக்க வேண்டும் என்று உபாகமம் சொல்கிறதே என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஆர்தரோடு தமக்கு உடலுறவே இருந்ததில்லை என்று கேத்தரின் சாகும்வரை சாதித்தார். 1529 ஜூன் 21 அன்று பிளாக்பிரையர்ஸ் மண்டபத்தில் அத்தனை பேர் நடுவிலும் கணவர் காலடியில் மண்டியிட்டு, என்னைக் கொள்ளும்போது நான் கன்னி, அது உண்மையா இல்லையா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தவர், மூன்று முறை கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

அவர் திரும்பி வந்துவிடக் கூடாதே என்றுதான் 1533 மே மாதம் தாங்கள் பயந்தீர்கள். மார்ச் 30 அன்று பேராயராக அபிஷேகம். போப்புக்குக் கொடுக்கும் பிரமாணம் மன்னருக்கு எதிராக என்னைக் கட்டுப்படுத்தாது என்று முன்கூட்டியே ஒரு மறுப்பையும் பதிவு செய்துவிட்டுத்தான் அந்தப் பிரமாணத்தையே எடுத்தீர்கள். மே 10-இல் டன்ஸ்டபிள் மடத்தில் விசாரணை. கேத்தரின் இருந்ததோ அருகில் ஆம்ப்ட்ஹில்லில். அழைப்பாணை போனது, உங்கள் நீதிமன்றத்தை நான் ஏற்கவில்லை என்று அவர் வரவில்லை. ஆணையை மதிக்காதவர் என்று குறித்துக்கொண்டு தாங்கள் வழக்கை ஓட்டினீர்கள். அப்போது மன்னரின் அமைச்சர் குரோம்வெல்லுக்குத் தாங்கள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தீர்ப்பு வரப்போகும் செய்தி கசிந்து, அந்தச் சீமாட்டி நேரில் வந்து நின்றுவிட்டால் வழக்கு தடைப்பட்டுவிடும், ஆகவே ரகசியம் காக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொள்கிறீர்கள். பிரதிவாதி ஆஜராகிவிடுவாரோ என்று கவலைப்பட்ட நீதிபதி!

இன்னொன்று. ஆன் பொலினை மன்னர் அந்த ஜனவரியிலேயே ரகசியமாக மணந்துவிட்டார். அது நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கே தெரியும் என்று தாங்களே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டன்ஸ்டபிளில் தாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளைக்கு மறுமணம் முடிந்துவிட்டது, மறுமனைவி கருவுற்றும் இருந்தார். மே 23: முதல் திருமணம் செல்லாது. மே 28: இரண்டாவது செல்லும். ஜூன் 1: வெஸ்ட்மின்ஸ்டரில் ஆனின் தலையில் தாங்களே முடிசூட்டினீர்கள். செப்டம்பர் 7-இல் எலிசபெத் பிறந்தபோது ஞானத்தகப்பனும் தாங்களே.

கேத்தரின் என்ன செய்தார் தெரியுமா? இனி நீங்கள் ராணி அல்ல, விதவை இளவரசி என்று சொல்ல ஜூலையில் ஆட்கள் போனார்கள். அவர்கள் எழுதி வைத்திருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்து, ‘விதவை இளவரசி’ என்று வந்த இடங்களையெல்லாம் பேனாவை எடுத்துத் தாமே அடித்துத் தள்ளினார். ஐரோப்பாவின் பாதிப் பல்கலைக்கழகங்கள் எழுதிக் கொடுத்த தாள்களுக்கு ஒரு பெண் தந்த பதில் அந்த மைக்கோடு. மகளைக் கண்ணால் பார்க்கவும் விடாமல் வைத்திருந்தார்கள். 1536 ஜனவரி 7-இல் கிம்போல்டனில் இறந்தார். பீட்டர்பரோ ஆலயத்தில் ஆர்தரின் விதவையாகவே புதைத்தார்கள். இன்று அந்தக் கல்லறைக்கு மேலே ‘இங்கிலாந்து ராணி’ என்று பொன்னெழுத்து மின்னுகிறது.

இந்த இடத்தில் தங்கள் வீட்டு விஷயம் ஒன்றையும் பேசிவிடலாம், மன்னிக்கவும். முதல் மனைவி ஜோன் பிரசவத்தில் இறந்த பிறகுதான் தாங்கள் குருவானீர்கள். 1532-இல் தூதராக ஜெர்மனிக்குப் போன இடத்தில் நியூரம்பர்க்கில் மார்கரெத்தாவை மணந்துகொண்டீர்கள். குருமார் மணம் செய்வது அன்றைய இங்கிலாந்துச் சபைச் சட்டத்துக்கு விரோதம். அதாவது அரசனின் திருமணம் செல்லுமா என்று டன்ஸ்டபிளில் அளந்தவரின் சொந்தத் திருமணமே செல்லாக்காசு. 1539-இல் ஆறு பிரிவுச் சட்டம் வந்து குருமாரின் மணவாழ்வைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியபோது மனைவியை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டீர்கள். சட்டம் ஒரு தாளைக் காட்டி, இவள் உன் மனைவியல்ல என்று சொன்னால் எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாத வலியல்ல. திருமணம் எதற்காக என்று கூறும் இடத்தில், பிள்ளைப்பேறு, பாவத்துக்கு விலக்கு என்ற இரண்டோடு நிற்காமல், ஒருவருக்கொருவர் துணையும் உதவியும் ஆறுதலுமாக இருப்பதற்கு என்று மூன்றாவது காரணத்தைத் தங்கள் புத்தகம் வைத்தது. அதை எழுதியவரின் மனம் கல்லாக இருந்திருக்காது. அதனால்தான் தங்கள்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

ஆன் பொலினுக்கு வருவோம். அந்தக் குடும்பத்தின் தயவில் உயர்ந்தவர் தாங்கள். 1536 மே 2 அன்று அவரை டவர் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து ஆண்களோடு கள்ள உறவு என்று குற்றச்சாட்டு; அதில் ஒருவர் உடன்பிறந்த ஜார்ஜ். குற்றப்பத்திரிகை குறிப்பிடும் நாள்கள் பலவற்றில் அவர் அந்தந்த இடத்திலேயே இல்லை என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் காட்டிவிட்டார்கள். தங்களை லாம்பெத் மாளிகைக்கு வரவழைத்து, மன்னரைப் பார்க்க வராதே என்றும் தடுத்துவிட்டார்கள். மே 3-இல் தாங்கள் மன்னருக்கு எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். என் புத்தி திகைத்து நிற்கிறது, பெண்களில் இவரைவிட உயர்வாக நான் எவரையும் எண்ணியதில்லை, ஆகவே இவர் குற்றவாளியாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது என்கிறீர்கள். ராஜ்யம் முழுக்க வாய்மூடிக் கிடந்தபோது அந்தப் பெண்ணுக்காக இப்படி ஒரு வரி எழுதத் துணிந்தவர் தாங்கள்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வரி? குற்றம் நிச்சயமாக இல்லாவிட்டால் மாட்சிமை தங்கிய தாங்கள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீர்கள் என்றும் தோன்றுகிறது. கடிதத்தை முடித்து அனுப்புவதற்குள் ஆலோசகர்கள் கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். இத்தகைய குற்றங்கள் ராணிமேல் மெய்ப்பிக்கப்படக்கூடியவை என்பதில் மிக வருந்துகிறேன் என்று பின்குறிப்பும் சேர்ந்துவிட்டது. ஒரே கடிதத்தில் பரிந்து பேசவும், பின்வாங்கவும், கைகழுவவும் தங்களால் முடிந்தது.

மே 15-இல் விசாரணை. தாய்மாமன் நார்ஃபோக் கோமகனே தலைமை தாங்கி மரண தண்டனையை வாசித்தார். 16-இல் தாங்கள் டவரில் ஆனைச் சந்தித்தீர்கள். 17-இல் ஜார்ஜ் உள்ளிட்ட ஐவரின் தலையும் விழுந்தது. அன்றே லாம்பெத்தில் தாங்கள், ஹென்றி–ஆன் திருமணம் ஆதியிலிருந்தே செல்லாது என்று தீர்ப்பளித்தீர்கள். மூன்றாண்டுக்கு முன் செல்லும் என்று எழுதியதும் அதே கைதான்.

திருமணமே நடக்கவில்லை என்றால், கணவனுக்குத் துரோகம் எங்கிருந்து வந்தது? சட்டம் படித்த அத்தனை பேர் சுற்றி இருந்தும் இந்தக் கேள்வியை ஒருவர்கூட உரக்கக் கேட்கவில்லை. 19-ஆம் தேதி காலை, கடல் கடந்து வரவழைத்த வாள்வீரன் கையால் ஆன் இறந்தார். மண்ணில் இங்கிலாந்தின் ராணியாக இருந்தவர் இன்று விண்ணில் ராணியாவார் என்று சொல்லி லாம்பெத் தோட்டத்தில் தாங்கள் அழுததாக அலெக்சாண்டர் ஏல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பின்னர் எலிசபெத்துக்கு எழுதினார். அழுதிருப்பீர்கள், நம்புகிறேன். அதே நாளில், தூரத்து உறவு முறையால் வரும் தடையை நீக்கி, மன்னர் ஜேன் சீமோரை மணக்கலாம் என்ற அனுமதிச் சீட்டும் தங்கள் அலுவலகத்திலிருந்து போயிருக்கிறது. கண்ணைத் துடைத்துவிட்டுப் போட்ட கையெழுத்தா, கையெழுத்து போட்டுவிட்டு வந்த கண்ணீரா?

ஜேன் சீமோரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவரும் சொல்லவில்லை. மடங்களை இடிக்காதீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். முன்னவளுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும் என்று பதில் வந்தது. 1537 அக்டோபர் 12-இல் எட்வர்டைப் பெற்று, 24-இல் பிரசவ நோயில் இறந்தார். முடிசூட்டு விழாகூட அவருக்கு நடக்கவில்லை. விண்ட்சரில் மன்னர் இன்று படுத்திருப்பது அவர் பக்கத்தில்தான். எட்வர்டுக்கும் தாங்கள்தான் ஞானத்தகப்பன்.

கிளீவ்ஸ் ஆன் விஷயத்தில் தங்கள் அலுவலகம் காட்டிய சுறுசுறுப்பு வியக்க வைக்கிறது. ஹோல்பைன் வரைந்த படத்தைப் பார்த்துச் சம்மதித்த மன்னர், 1540 புத்தாண்டன்று ரோச்செஸ்டரில் மாறுவேடத்தில் போய்ப் பெண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். முன்பின் தெரியாத ஒரு பருத்த ஆண் அறைக்குள் நுழைந்து கட்டியணைக்க வந்தால் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொள்ளாத பெண் உண்டா? ஜனவரி 6-இல் கிரீன்விச்சில் தாங்களே மணம் செய்து வைத்தீர்கள். ஜூலை 9-இல் தங்கள் தலைமையிலான குருமார் பேரவை அதை ரத்து செய்தது. தாலி எடுத்துக் கொடுத்த பெரியவரே ஆறு மாதத்தில் வந்து முடிச்சு சரியாக விழவில்லை என்று அவிழ்த்ததைப் போல. லோரேன் கோமகன் மகனுக்குச் சிறு வயதிலேயே பேசி வைத்த பெண் என்பது ஒரு காரணம். மன்னர் தொடவே இல்லை என்பது இன்னொன்று.

இந்தப் பெண்ணின் சாமர்த்தியத்துக்கு நான் ரசிகை. மொழி தெரியாத நாடு, துணைக்கு ஆள் இல்லை, நாலாண்டுக்கு முன் இதே பெயருள்ள ராணிக்கு நடந்தது ஊருக்கே தெரியும். காகிதத்தை நீட்டியதும் கையெழுத்திட்டார். இனி மதிப்பில்லாத பொருள், உடைத்துவிடுங்கள் என்று மோதிரத்தையும் திருப்பி அனுப்பினார். பதிலுக்கு ரிச்மண்ட் அரண்மனையும் ஹீவர் கோட்டையும் ‘மன்னரின் சகோதரி’ என்ற பட்டமும் கிடைத்தன. ஹீவர் யார் வீடு? ஆன் பொலின் வளர்ந்த வீடு. 1557 ஜூலை 16-இல், மற்ற ஐந்து ராணிகளும் மன்னரும் தாங்களும் போன பிறகு நிம்மதியாகக் கண்மூடினார். பிழைத்தாள் என்ற பட்டத்தை வாய்ப்பாடு ஏன் இவருக்குத் தரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அதே ஜூலை 28-இல் மன்னர் கேத்தரின் ஹோவர்டை மணந்தார். கிளீவ்ஸ் சம்பந்தத்தைப் பேசி முடித்த குரோம்வெல்லின் தலை விழுந்ததும் அன்றே. மன்னருக்கு 49 வயது. பெண் இருபதைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். பாட்டி வீட்டில் கேட்பாரில்லாமல் வளர்ந்தவர். இசை கற்றுக்கொடுக்க வந்த மேனக்ஸ் அந்தச் சிறுமியிடம் நடந்துகொண்டதை இன்றைக்கு எந்த நாட்டுச் சட்டமும் காதல் என்று எழுதாது. அதற்குப் பின் டெரம் என்ற உறவுக்காரர். 1541-இல் இந்தப் பழங்கதையை ஜான் லாசல்ஸ் என்பவர் கொண்டுவந்து சேர்த்தது தங்களிடம். நேரில் சொல்லத் துணியாமல், ஹாம்ப்டன் கோர்ட் ஆலயத்தில் திருப்பலியின்போது ஒரு கடிதமாக எழுதி மன்னர் கையில் கொடுத்தீர்கள்.

பிறகு அந்தப் பெண்ணை விசாரித்ததும் தாங்களே. முதலில் குற்றத்தின் கொடுமையைச் சொல்லி, அடுத்துச் சட்டத்தின் கடுமையைச் சொல்லி, கடைசியில் மன்னரின் இரக்கத்தைச் சொல்லலாம் என்று திட்டமிட்டுப் போனேன். அவர் இருந்த நிலையைப் பார்த்ததும் இரக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று என்று மன்னருக்கு எழுதுகிறீர்கள். எந்த மனிதனின் நெஞ்சும் இளகிவிடும் என்கிறீர்கள். மாலை ஆறு மணியளவில் மறுபடியும் அழுகை வெடித்தது, ஏனென்று கேட்டால், மன்னரைப் பற்றிய சேதியோடு தினமும் ஹெனேஜ் வரும் நேரம் அது என்றாராம். இப்படிக் கவனிக்கத் தெரிந்தவர் தாங்கள். இது ஒரு நாவலாசிரியரின் கண். அந்தக் கண்ணால் பார்த்ததையும் விசாரணை அறிக்கைக்குள்தான் வைத்தீர்கள்.

டெரமோடு முன்பே திருமண ஒப்பந்தம் இருந்தது என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் மன்னரோடான திருமணம் செல்லாமல் போகும். உயிர் தப்ப ஒரு வழி திறக்கலாம். கிளீவ்ஸ் ஆனை வாழ வைத்த அதே வாசல். இந்தப் பெண்ணுக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. ஒப்பந்தம் ஒன்றுமில்லை, அவன் பலவந்தம் செய்தான் என்றே சொன்னார். அதற்குள் மன்னரின் அந்தரங்கப் பணியாளர் கல்பெப்பருக்கும் அவருக்கும் நடந்த இரவுச் சந்திப்புகள் வெளியே வந்தன. டிசம்பர் 10-இல் அந்த இரண்டு ஆண்களும் டைபர்னில் செத்தார்கள். கேத்தரினுக்கு விசாரணை மன்றமே கிடையாது. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுக் குற்றவாளி ஆக்கிவிட்டது. ஒழுக்கம் தவறியதை மறைத்து ஒரு பெண் அரசனை மணந்தால் அது ராஜத்துரோகம் என்று புதிதாகச் சேர்த்தார்கள். மன்னர் மனம் நோகக் கூடாதென்று, அவர் அதைக் காதால் கேட்காமலே ஒப்புதல் பெறவும் வழிசெய்தார்கள். மரண மேடைக்கு முந்தின இரவு தலைவைக்கும் கட்டையைக் கொண்டுவரச் சொல்லி, எப்படி வைப்பதென்று பழகிப் பார்த்தாராம். 1542 பிப்ரவரி 13.

ஆக, ஒரே கருவியைத் தாங்கள் மூன்று விதமாகக் கையாண்டிருக்கிறீர்கள். கிளீவ்ஸ் ஆனின் மணத்தை ரத்து செய்து உயிரோடு விட்டீர்கள். ஆன் பொலினின் மணத்தை ரத்து செய்துவிட்டும் சாக விட்டீர்கள். ஹோவர்டுக்கு ரத்து என்ற பேச்சே கைவிடப்பட்டது. இதில் இறையியல் எங்கே இருக்கிறது? மன்னருக்கு அந்தந்த மாதம் என்ன வேண்டியிருந்ததோ அதுதான் தடையும் விதிவிலக்குமாக மாறிக்கொண்டிருந்தது.

கடைசிக் கேத்தரின், கேத்தரின் பார், இரண்டு கணவரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். 1543 ஜூலை 12-இல் மணம். மணம் முடிக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தது தாங்கள், சடங்கை நடத்தியது கார்டினர். மறு ஆண்டு மன்னர் பிரான்சுக்குப் போனபோது நாட்டைக் கவனித்தது இந்த ராணிதான். ஆலோசனை சொல்லத் தாங்களும் கூட இருந்தீர்கள். 1545-இல் தம் பெயரிலேயே ஜெபநூல் ஒன்றை அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஆங்கிலத்தில் அப்படித் தம் பெயர் போட்டு வெளியிட்டதில்லை. 1546-இல் இவரையும் மதவிரோதக் குற்றத்தில் சிக்கவைக்கப் பார்த்தார்கள். ஆன் ஆஸ்கியூ என்ற பெண்ணை டவரில் சித்திரவதைப் பலகையில் இழுத்து, ராணியின் தோழியர் பெயரைக் கக்க வைக்க முயன்றார்கள். அவர் வாய் திறக்கவில்லை; ஜூலை 16-இல் எரித்தார்கள். கூடவே எரிந்தவர்களில் ஒருவர் அந்த லாசல்ஸ். உங்களோடு வாதாடியது கால்வலியை மறக்கச் செய்யத்தான், உங்களிடம் கற்றுக்கொள்ளத்தான் என்று மன்னரிடம் பணிந்து பேசி ராணி தப்பினார் என்பார்கள். படித்த பெண், தெரியாதவள் போல நடித்து உயிர் காத்துக்கொண்டார். 1547 ஜனவரி 28-இல் மன்னர் தங்கள் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். சில மாதத்தில் ராணி தாம் விரும்பிய தாமஸ் சீமோரை மணந்து, 1548 செப்டம்பர் 5-இல் பிரசவக் காய்ச்சலில் இறந்தார். பிழைத்தவர் என்று பிள்ளைகள் பாடுவது இவரைத்தான்.

மறுதலிப்புகளில் கையெழுத்திட்ட வலக்கையை 1556 மார்ச் 21-இல், மேரியின் ஆட்சியில் தங்களை மதவிரோதி என்று எரித்தபோது, தாங்கள் முதலில் நெருப்புக்குள் நீட்டியதை அறியாதவர் இல்லை. குற்றம் செய்த கை என்றீர்கள். தாங்கள் மனத்தில் வைத்திருந்தது தங்கள் விசுவாசத்தைக் கைவிட்டு எழுதிய தாள்களை. டன்ஸ்டபிள் தாளும் லாம்பெத் தாளும் அந்தக் கணக்கில் இருந்தனவா என்று கேட்பது அநாகரிகம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டன்ஸ்டபிள் தாளைக் கேத்தரினின் மகள் கிழித்துப் போட்டார். 1553-இல் மேரி அரியணை ஏறியதும் கூடிய முதல் நாடாளுமன்றம், தாயின் திருமணம் செல்லும் என்று சட்டமியற்றித் தங்கள் தீர்ப்பைத் தங்கள் பெயர் சொல்லியே தள்ளுபடி செய்தது.

லாம்பெத் தாள் அப்படியே இருக்கிறது. 1536 மே 17-இல் தாங்கள் கொடுத்த தீர்ப்பில் காரணம் எழுதப்படவில்லை. அந்த ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும், ஆன் தங்கள் முன் ஒப்புக்கொண்ட சில தடைகள் என்று மட்டும் சொல்லி நழுவுகிறது. மன்னர் முன்பு ஆனின் அக்காள் மேரியோடு உறவு வைத்திருந்ததா, ஆனுக்கு ஹென்றி பெர்சி என்ற பிரபுவோடு முன்பே கல்யாணப் பேச்சு இருந்ததா என்று எழுதியவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று வயதும் நிறையாத தங்கள் ஞானமகள் அந்தத் தாளால் முறைகேடாகப் பிறந்தவள் ஆனாள். அவள் பிறகு 44 ஆண்டு ஆண்டாள். 1559-இல் அவளுடைய நாடாளுமன்றம் அவளை உரிமையுள்ள அரசி என்று ஏற்றுக்கொண்டது; தாயின் திருமணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அந்த வழக்கை மறுபடி திறந்து, சபை நடுவே வாசித்து, தாயின் பெயரை இன்னொரு முறை வாதத்துக்கு விட வேண்டும். அவள் அதைச் செய்யவில்லை. செய்யாதது சரி என்றே நான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான். அவள் அரசியாவதற்கு முன்பே தங்களை எரித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
பாளையங்கோட்டை